கொழும்புக் கலியாணத்துக்கு லென்ஸ் தெரிவு செய்வது எப்படி

கலியாணப் படம் எடுக்கத் தொடங்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த லென்ஸ் வாங்கலாம்?" கெனனா சோனியா, 1.4ஆ 2.8ஆ என்று தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்? மணவறையிலிருந்து எத்தனை மீற்றர்? அங்கே என்ன வெளிச்சம்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் என்ன லென்ஸ் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பதில் இல்லாமல் கடைக்குப் போனால், அந்தக் கடையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பைக்குள் வரும்.

நான் இருப்பது வெள்ளவத்தையில். எடுப்பது பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் கலியாணங்கள், இடையிடையே காலிமுகத்திடல் பக்கத்து ஹொட்டேல்களில் நடக்கும் வரவேற்புகள். அதனால் இங்கே சொல்வதெல்லாம் அந்த மண்டபங்களையும் அந்த வெளிச்சத்தையும் மனதில் வைத்துத்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபுல் ஃபிரேம் கமராவின் சென்சர், அதாவது படம் விழும் தகடு, 36 மிமீ அகலம். அதில் 35 மிமீ லென்ஸ் போட்டால், நீங்கள் தள்ளி நிற்கும் தூரமும் படத்துக்குள் விழும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். 4 மீற்றர் தள்ளி நின்றால் 4 மீற்றர் அகலம் படத்தில் வரும். 70 மிமீ என்றால் அதில் பாதி, 24 மிமீ என்றால் ஒன்றரை மடங்கு. 200 மிமீ என்றால் ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. 10 மீற்றர் தள்ளி நின்றால் 1.8 மீற்றர் கிடைக்கும். கமராவை நிமிர்த்திப் பிடித்தால் இந்த அகலம் மூன்றில் இரண்டாகக் குறையும். குரொப் சென்சர் (அதைவிடச் சின்ன சென்சர்) கமரா வைத்திருப்பவர்கள் 35 என்று நான் சொல்லும் இடத்தில் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அப்படியே பொருந்தும்.

இனி மண்டபத்துக்குப் போங்கள். கலியாணத்துக்கு முதல்நாள் சோடனை நடக்கும் நேரத்தில் போனால் நல்லது. மணவறை எங்கே வருகிறது, அதற்கு முன்னால் எவ்வளவு இடம் விடுகிறார்கள், முதல் வரிசைக் கதிரை எங்கே தொடங்குகிறது என்று எட்டு வைத்து அளந்து பாருங்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் மாதிரி மேடை உள்ள இடம் என்றால், மேடையில் ஏறி நிற்பீர்களா, கீழே நிற்பீர்களா என்பதும் முக்கியம். கீழே நின்றால் நீளமான லென்ஸ் (மிமீ எண் கூடியது) இல்லாமல் முடியாது. மேடையில் ஏறினால் அதே லென்ஸால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தாலி கட்டு

எங்கள் கலியாணங்களில் தாலிக்கொடி முடிச்சுப் போடுவதில்லை, சுரை (கொடியின் பூட்டு) பூட்டுவது. மாப்பிள்ளை எழுந்து பொம்பிளையின் பக்கம் வந்து, குனிந்து, கழுத்துக்குப் பின்னால் சுரையைப் பூட்ட வேண்டும். பொம்பிளை தலை குனிந்திருப்பாள். கூந்தலில் பூ, கழுத்தில் மாலை, அதற்கு மேல் கூறையின் தலைப்பு. மாப்பிள்ளையின் தலைப்பாகை நெற்றியில் நிழல் விழுத்தும். கெட்டிமேளம் தொடங்கியதும் சபை முழுக்க எழும்பும். அறுகரிசியும் பூவும் பறக்கும். மாமிமார் விளக்கோடு கிட்ட வருவார்கள், வீடியோக்காரர் உங்களுக்கு முன்னால் ஒரு அடி வைப்பார், ஃபோன்கள் எல்லாப் பக்கமிருந்தும் நீளும். சுரை சிக்காமல் பூட்டுப்பட்டால் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த ஒரு நிமிடத்துக்கு உங்களுக்கு வேண்டிய படங்கள் இரண்டு. ஒன்று, குனிந்த முகமும் பூட்டும் கையும் மாப்பிள்ளையின் முகமும் ஒன்றாக விழும் படம். மற்றது, மணவறையும் சபையும் பறக்கும் பூவுமாக முழுக் காட்சி. ஆள் ஒருவர்தான் என்றால் 24 மிமீயிலிருந்து 70 மிமீ வரை திருப்பக்கூடிய 24-70 எஃப்/2.8தான் என் பதில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணவறைக்கு முன்னால், ஐயருக்குக் குறுக்கே போகாமல், பொம்பிளையின் முகம் திரும்பும் பக்கமாக 2 மீற்றரில் முழங்காலில் இருங்கள். 50 மிமீயில் நிமிர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமும் கிடைக்கும். இரண்டு தலையும் கையும் அளவாக அடங்கும். அடுத்த விநாடி 24க்குத் திருப்பினால் முழு மணவறையும் வரும். லென்ஸ் கழற்றி மாட்ட அங்கே நேரம் இல்லை.

இரண்டு பேர் எடுக்கிறீர்கள் என்றால் மற்றவர் 70-200 எஃப்/2.8ஓடு நடுப்பாதையில், ஒரு ஸ்டூலில் ஏறி நிற்கட்டும். முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலால் அவருக்கு எல்லாம் தெரியும். கூறை மாற்றிக்கொண்டு பொம்பிளை தோழியோடு சபைக்குள் திரும்பி வரும்போதும் அந்த லென்ஸ்தான் வேலை செய்யும். அவள் நடக்க நடக்க 200இலிருந்து 70க்கு வந்தால் போதும், நீங்கள் பின்னால் நகரவே தேவையில்லை.

அப்பச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரம்; எஃப் எண் குறையக் குறைய அது பெரிது) பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் காசைக் கொட்டுவது இதில்தான். 85 மிமீ எஃப்/1.4 லென்ஸை முழுதாகத் திறந்து 2 மீற்றரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 5 சென்ரிமீற்றர்கூட இல்லை. பொம்பிளையின் கண்ணிமை தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் மாப்பிள்ளை வெறும் நிறமாகக் கரைந்துவிடுவார். தாலி கட்டும் படத்தில் அவரும் வேண்டும். 50 மிமீயில், அதே 2 மீற்றரில், எஃப்/4 வைத்தால் கிட்டத்தட்ட 38 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. இரண்டு முகமும் கையும் அதற்குள் வந்துவிடும். 1.4 அழகான லென்ஸ், ஆனால் அதற்குரிய நேரம் வேறு.

வெளிச்சம்

எஃப் எண் 4இலிருந்து 2.8க்கு இறங்கினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 2.8இலிருந்து 1.4க்கு இறங்கினால் நான்கு மடங்கு. கமராவோடு வரும் 18-55 லென்ஸ் முன்னுக்கு இழுத்ததும் எஃப்/5.6க்குப் போய்விடும், 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும். எங்கள் மண்டபங்களில் ஐஎஸ்ஓ (சென்சர் வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, எஃப்/2.8, ஷட்டர் 1/125 விநாடி என்ற கணக்கில்தான் அதிகமாக ஓடும். 5.6 லென்ஸோடு போனால் அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 6400. பட்டுச் சேலையின் சரிகை வேலையும் முகத்தின் நிறமும் அங்கே கெடத் தொடங்கிவிடும். அதனால் கலியாணத்துக்கு எஃப் எண் 2.8ஐவிடக் கூடிய லென்ஸ் வேண்டாம்.

மணவறைச் சோடனையில் இப்போது எல்.ஈ.டி. விளக்குத்தான் கூட. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி. என்றால் விநாடிக்கு 100 தரம் துடிக்கும். ஷட்டரை 1/250க்கு மேல் கொண்டுபோனால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழலாம், சத்தமில்லா ஷட்டர் போட்டால் இன்னும் மோசம். 1/100இல் நின்றால் பட்டை வராது. ஆனால் 1/100இல் 200 மிமீ லென்ஸைக் கையில் பிடிப்பது கஷ்டம். ஆகவே 70-200 வாங்கினால் உள்ளே நடுக்கம் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் குறைக்கும்; சிரித்துக்கொண்டு தலையை ஆட்டும் மாமாவை அது நிறுத்தாது.

ஹொட்டேல் போல்ரூம்களில் கூரை உயரம், நிறமும் இருட்டு. பிளாஷைக் கூரையில் தட்டி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அங்கே வெளிச்சம் திரும்பி வராது. கோயில்களும் அப்படித்தான். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியது. கருங்கல் வெளிச்சத்தைக் குடிக்கும். அப்படியான கோயிலுக்குள் எடுக்க அனுமதி கிடைத்தால் பிளாஷை நம்பாமல் 35 எஃப்/1.8 அல்லது 1.4 ஒன்றைக் கொண்டுபோங்கள். விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கல்லில் படுவதை அது இருப்பது போலவே எடுக்கும்.

ஓமப் புகையையும் மறக்கக் கூடாது. 10 மீற்றருக்கு அப்பால் நின்று 200 மிமீயில் எடுத்தால் நடுவில் உள்ள புகை முழுவதும் படத்தில் சாம்பலாக இறங்கும், ஃபோகஸும் முன்னும் பின்னும் ஓடும். பொரியிடும் நேரத்தில் கிட்டப் போய், புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் நில்லுங்கள்.

பொம்பிளையின் அறை

வெள்ளவத்தை மாடிவீடுகளில் பொம்பிளை வெளிக்கிடும் அறை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். கட்டில், அலுமாரி, கண்ணாடி, சேலை கட்டிவிடும் அக்கா, மேக்கப் பெட்டிகள், வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் சின்னப்பிள்ளைகள். சுவரில் முதுகு முட்ட நின்றாலும் 2 மீற்றர்தான் கிடைக்கும். 35 மிமீ அங்கே சரியான லென்ஸ். 2 மீற்றர் தூரத்தில் 2 மீற்றர் அகலம்; பொம்பிளையும் கண்ணாடியும் தாயும் ஒன்றாக வருவார்கள். 16-35 போட்டு முழு அறையையும் காட்ட நினைக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் தாயின் முகம் இழுபட்டுப் போகும். அவர் அந்தப் படத்தைப் பார்த்து மனம் நோவார்.

ஜன்னல் ஒன்று இருந்தால் 85 எஃப்/1.8ஐ எடுங்கள். நெற்றிச்சுட்டி கட்டும்போது, ஜிமிக்கி போடும்போது, முகத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் ஒரு இடத்தைப் பிடித்தால் அதுவே அல்பத்தின் முதல் படமாகிவிடும். மேலே சொன்ன 1.4இன் நேரமும் இதுதான். ஆனால் 1.8 லென்ஸ் விலையில் எவ்வளவோ குறைவு, எடையும் குறைவு. சோனியின் 85 எஃப்/1.8 வெறும் 371 கிராம். வித்தியாசத்தை அல்பத்தில் கண்டுபிடிக்கிறவர் அரிது.

தாலிக்கொடி, மோதிரம், கூறையின் கரை என்று நகைப் படங்களுக்கு மக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டப் போய் எடுப்பது) இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டம்ரொன் 28-75 எஃப்/2.8 இரண்டாம் தலைமுறை, 28 மிமீ பக்கத்தில் 18 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும். அது போதும்.

குளிரூட்டிய ஹொட்டேல் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். லென்ஸைப் பைக்குள் வைத்து சிப்பை மூடி, பையை வெளியே கொண்டுபோய் ஒரு இருபது நிமிடம் விடுங்கள். பொம்பிளை கீழே இறங்க முதல் பை இறங்க வேண்டும்.

குடும்பப் படம் சுலபமான கணக்கு. நெருங்கி நிற்கும் ஆள் ஒருவருக்கு அரை மீற்றர் வைத்தால் பத்துப் பேருக்கு 5 மீற்றர். 35 மிமீயோடு 6 மீற்றர் தள்ளி நின்றால் ஓரத்தில் கொஞ்சம் இடமும் மிஞ்சும். பின்னால் போக இடம் இருந்தால் 50க்குப் போங்கள், ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிய மாட்டார்கள். எஃப்/5.6 வைத்து, பிளாஷ் இரண்டு போட்டு எடுங்கள். இந்த வேலைக்கு விலை கூடிய லென்ஸ் ஒன்றும் தேவையில்லை.

தேவாலயக் கலியாணம் என்றால் முதலில் சுவாமியிடம் கேளுங்கள். பீடத்துக்கு எவ்வளவு கிட்ட வரலாம், பிளாஷ் போடலாமா என்று அவர் சொல்வதை வைத்தே பையைக் கட்ட வேண்டும். பீடத்தடிக்கு வர வேண்டாம் என்றால் 70-200 கட்டாயம். வீட்டில் நடக்கும் எழுத்துக்கு (பதிவுக் கலியாணம்) 35 ஒன்றே போதும்.

பின்னேரம் காலிமுகத்திடலில் எடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாச் சோடிகளும் கேட்கிறார்கள். இங்கே சூரியன் வருடம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் கடலில் இறங்கும், ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை கொஞ்சம் முந்தும். இறங்கியதும் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். அங்கே சனம் அதிகம், வடை வண்டி, பட்டம், பிள்ளைகள். 135 அல்லது 200 மிமீயில் தள்ளி நின்று எடுத்தால் சனம் வெளியே போய்விடும், பின்னால் உள்ள சூரியனும் பெரிதாகத் தெரியும். லென்ஸின் முன்னால் ஹூட் (மறைப்பு வளையம்) போடுங்கள். கடற்காற்றில் உப்பு வரும். அன்றிரவே, நாளைக்கு என்று விடாமல், முதலில் தூசி ஊதி, பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறல் விழும்.

எதை முதலில் வாங்குவது

2022இல் ரூபாய் விழுந்த பிறகு லென்ஸ் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒழுங்காக யோசித்து ஒன்றன்பின் ஒன்றாக வாங்குங்கள். குரொப் சென்சர் கமரா என்றால் முதலில் 17-50 அல்லது 17-55 எஃப்/2.8 ஒன்று. அதன்பிறகு 50 எஃப்/1.8, குரொப்பில் அது 75, 80 மிமீ மாதிரி வேலை செய்யும். இந்த இரண்டோடும் ஒரு கலியாணத்தை முழுதாக எடுத்துக் கொடுக்கலாம்.

ஃபுல் ஃபிரேம் என்றால் முதலில் 24-70 அல்லது 28-75. இரண்டுக்கும் நடுவில் மனம் அலையும். 3 மீற்றரில் 24 மிமீ தருவது 4.5 மீற்றர், 28 தருவது 3.9. ஒரு ஆள் அளவு வித்தியாசம். அதற்கு எதிராக எடையைப் பாருங்கள்: கெனனின் ஈஎஃப் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம், நான் சொன்ன டம்ரொன் 540. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு வரவேற்பு வரை தூக்க வேண்டியது உங்கள் கை. பெரிய ஹோல்களில் எடுப்பவர்களுக்கு 28 போதும். வீட்டுக் கலியாணம், பொன்னுருக்கல் என்று சின்ன இடங்களில் அதிகம் எடுத்தால் 24ஐ விடாதீர்கள்.

அடுத்தது 85 எஃப்/1.8, அதற்கடுத்தது 35. 70-200ஐக் கடைசியாக வாங்குங்கள். அதுவரைக்கும் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும் நாளில் கையெழுத்துப் போட முதல் லென்ஸை உங்கள் கமராவில் மாட்டிப் பார்த்து, கீறல் இருந்தால் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கெனன் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கமராவுக்கு மாறியவர்கள் பழைய வகைக் கமராவுக்கான ஈஎஃப் 70-200 எஃப்/2.8ஐ அடப்டர் போட்டு நிம்மதியாகப் பாவிக்கலாம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, புதியவற்றைவிட ஏறக்குறைய 400 கிராம் கூட, ஆனால் படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கையிலுள்ள லென்ஸைக் காப்பாற்றுவதும் தெரிவு செய்வது அளவுக்கு முக்கியம். கொழும்பில் காற்றின் ஈரம் வருடம் முழுக்கக் கூட. ஈரம் 60 வீதத்துக்கு மேல் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். உலர் அலுமாரி வாங்க முடிந்தால் 40க்கும் 50க்கும் நடுவில் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடலாம். தோல் உறையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் கமரா, சின்ன ரோர்ச், ஒரு வீரகேசரிப் பத்திரிகை மூன்றையும் கொண்டுபோங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ரோர்ச் அடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். நூல் மாதிரிக் கிளை விட்ட வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பூஞ்சணம். உள்ளே உள்ள கண்ணாடியில் என்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மௌண்டின் (கமராவில் மாட்டும் வளையத்தின்) திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். லென்ஸைக் குப்புறப் பிடித்து சூம் தானாகச் சரிகிறதா என்று பாருங்கள். பிறகு பத்திரிகையின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, முழுதாகத் திறந்த அப்பச்சரில் ஒரு படமும் எஃப்/5.6இல் ஒரு படமும் எடுங்கள். கமராவின் திரையில் நான்கு மூலையையும் பெருப்பித்துப் பாருங்கள். 5.6இல் எழுத்து மூன்று மூலையில் தெளிவாகவும் ஒன்றில் கலங்கியும் இருந்தால் முதலில் நேராக நின்று இன்னொரு முறை எடுங்கள். திரும்பவும் அதே மூலைதான் கலங்குகிறது என்றால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, எங்கோ விழுந்த லென்ஸ். எந்த விலைக்கும் அதை வாங்காதீர்கள்.